பங்கத்தும் பந்தியும்: ஹர்மந்தர் சாகிப் குறித்துச் சில குறிப்புகள்

1

கோயில்களைப் பற்றி எழுதுவதில் என்னைப் போன்றவர்களுக்கு எப்போதும் ஒரு சங்கடம் உண்டு. பெரியாரையும் மார்க்சையும் படித்து வளர்ந்தவர்கள் நாம். கோயில் என்றால் நிலவுடைமை, சாதி, பூசாரி அதிகாரம் என்று சொல்லிப் பழகிவிட்டோம். அது பொய்யும் இல்லை. ஆனால் இப்படி ஒரே வரியில் கணக்கை முடித்துக்கொண்டதால், பூசாரியை மறுத்தவர்கள் தமக்கெனக் கட்டிக்கொண்ட புனித வெளிகளைப் பற்றிப் பேச நம்மிடம் மொழியே இல்லாமல் போய்விட்டது. அமிர்தசரஸ் போய்வந்த பிறகு இந்தக் குறை எனக்கு உறைத்தது.

அங்கே லங்கர் கூடத்தில், தட்டு வாங்கிக்கொண்டு தரையில் நீள வரிசையில் உட்கார்ந்திருந்தேன். ரொட்டி கொண்டுவந்த பெரியவரிடம் ஒரு கையை நீட்டினேன். அவர் போடவில்லை, நகரவும் இல்லை. பக்கத்திலிருந்தவர் என் முழங்கையைத் தொட்டு, "ரெண்டு கையையும் சேத்து ஏந்துங்க, அப்பத்தான் போடுவாரு" என்றார் இந்தியில். ஏந்தினேன். ரொட்டி விழுந்தது. எனக்கு இந்தப் பக்கம் ஒரு லாரி ஓட்டுநர், அந்தப் பக்கம் கழுத்தில் தங்கச் சங்கிலியோடு ஒரு குடும்பம். எல்லாருமே கையேந்தித்தான் வாங்கினார்கள்.

அந்த வரிசைக்குப் பெயர் பங்கத். நம்முடைய 'பந்தி'யும் அவர்களுடைய 'பங்கத்'தும் 'பங்க்தி' என்கிற ஒரே வடமொழிச் சொல்லிலிருந்து வந்தவை. எங்கள் ஊர்த் திருவிழாவில் பந்தி என்பது யார் முதலில் உட்காருவது, யார் கடைசியில் உட்காருவது, யார் உட்காரவே கூடாது என்பதற்கான ஏற்பாடு. கடைசிப் பந்தியும் எழுந்த பிறகு, தூக்குவாளியைத் தள்ளி வைத்துவிட்டு என் அப்பா காத்து நின்றதை நான் பார்த்திருக்கிறேன். மேலேயிருந்து ஊற்றுவார்கள். ஒரே சொல் இரண்டு ஊர்களில் நேர் எதிரான இரண்டு வேலைகளைச் செய்திருக்கிறது. இது எப்படி நடந்தது என்பதுதான் என் கேள்வி. பக்தனாக இதை எழுதவில்லை, பார்த்துவிட்டு வந்தவனாகவும் படித்தவனாகவும் எழுதுகிறேன்.

2

முதலில் பெயர். 'பொற்கோயில்' என்பது வெளியிலிருந்து பார்த்தவர்கள் வைத்த பெயர். சீக்கியர்கள் ஹர்மந்தர் சாகிப் என்பார்கள். பேச்சுவழக்கில் தர்பார் சாகிப். தங்கம் பின்னால் வந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் ரஞ்சித் சிங் தன் ஆட்சிக்காலத்தில் பொன்தகடு போர்த்தினார். அதாவது கட்டி முடித்து இருநூறு ஆண்டுகள் கழித்து. பொன்னை மட்டும் பார்க்கிற கண்ணுக்கு அதற்கு முந்தைய இருநூறு ஆண்டுகள் தெரியாது.

அந்தக் கதையைச் சுருக்கமாகப் பார்ப்போம். நான்காம் குரு ராம்தாஸ் இங்கே ஊரை நிறுவி, 1577இல் குளம் வெட்டினார். நிலம் துங் கிராமத்தாரிடம் விலைக்கு வாங்கியது என்கிறது ஒரு மரபு. அக்பர் கொடுத்தது என்கிறது இன்னொன்று. வணிகர்களையும் கைவினைஞர்களையும் குடியேற்றினார். ராம்தாஸ்பூர் என்று வழங்கிய அந்த ஊரே பிறகு குளத்தின் பெயரால் அமிர்தசரஸ் ஆயிற்று. அமிர்தம் நிறைந்த குளம் என்று பொருள். ஐந்தாம் குரு அர்ஜன் குளத்தின் நடுவில் ஹர்மந்தரைக் கட்டுவித்தார். அடிக்கல்லை நட்டவர் லாகூரைச் சேர்ந்த சூஃபி ஞானி மியான் மீர் என்று மரபு சொல்கிறது. ஆரம்பகாலச் சீக்கிய நூல்களில் இந்தச் செய்தி இல்லையென்று சில ஆய்வாளர்கள் மறுக்கிறார்கள். நடந்ததோ இல்லையோ, தன் தலைமைக் கோயிலின் முதல் கல்லை ஒரு முஸ்லிம் வைத்தார் என்று ஒரு சமூகம் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிக்கொள்ள விரும்பியிருக்கிறதே, அந்த விருப்பம் ஒரு வரலாற்று உண்மை.

1604இல் ஆதி கிரந்தம் இங்கே நிறுவப்பட்டது. எழுதியவர் பாயி குர்தாஸ். முதல் கிரந்தியாக, அதாவது நூலைப் பேணி வாசிப்பவராக, இருந்தவர் பாபா புத்தா. இரண்டே ஆண்டுகளில், 1606இல், ஜஹாங்கீரின் ஆணைப்படி குரு அர்ஜன் லாகூரில் கொல்லப்பட்டார். ஜஹாங்கீர் தன் நினைவுக்குறிப்பிலேயே இதைப் பதிவுசெய்திருக்கிறார். இந்துக்களும் முஸ்லிம்களும் அவரிடம் திரண்டு போனது, கலகம் செய்த இளவரசன் குஸ்ருவுக்கு அவர் ஆதரவு காட்டியது, இரண்டுமே பேரரசுக்குப் பொறுக்கவில்லை.

3

இனி இடத்தின் அமைப்பு. நம் கோயில்களில் ஒவ்வொரு வாசலாகத் தாண்டி உள்ளே போகப் போக இடம் குறுகும், இருட்டும். அத்தோடு உள்ளே விடப்படுகிற ஆட்களும் குறைவார்கள். கருவறை என்பது ஓர் இடத்தின் பெயர் மட்டுமன்று, விலக்கலின் உச்சியும் அதுதான். ஹர்மந்தரில் இந்த இலக்கணம் மாறியிருக்கிறது. தெருமட்டத்திலிருந்து படிகளில் கீழே இறங்கித்தான் குளக்கரையை அடைய வேண்டும். இறங்காமல் யாரும் போக முடியாது. குளத்தின் நடுவே நிற்கிற கட்டடத்துக்கு நான்கு பக்கமும் வாசல். நான்கு திசைக்கும் நான்கு வருணத்துக்கும் பொது என்று இதற்கு விளக்கம் சொல்வார்கள். கரையிலிருந்து போக ஒரே ஒரு கல்பாலம்தான். எல்லாரும் அதே பாலத்தில் அதே வரிசையில் போகவேண்டும்.

உள்ளே சிலை இல்லை. விதானத்தின் கீழே ஒரு நூல். வைகறையில் அதை அகால் தக்திலிருந்து பல்லக்கில் எடுத்து வருகிறார்கள்; இரவில் திருப்பி எடுத்துப்போய்த் துயில வைக்கிறார்கள். கவரி வீசுகிறார்கள். பகல் முழுக்க அந்த நூலின் பாடல்கள் ராகத்தில் பாடப்படுகின்றன. இதைப் பார்த்ததும் என்னுள் இருக்கிற பகுத்தறிவுவாதி, "என்னப்பா இது, சிலைக்குப் பதிலா புத்தகமா?" என்று கேட்டான். நியாயமான கேள்விதான். ஒரு நூலை அரசனைப் போல நடத்துவது இன்னொரு வகை விக்கிரக வழிபாடு ஆகிவிடாதா?

ஆகலாம். பல இடங்களில் ஆகியும் இருக்கிறது. ஆனால் அந்த நூல் எது என்பதையும் பார்த்தாக வேண்டும். குருமார்களின் பாடல்களோடு நெசவாளர் கபீர், தோல்தொழிலாளி ரவிதாஸ், துணித்தொழில் செய்த நாமதேவர், நாவிதர் சைன், கசாப்புக்காரர் சத்னா, சூஃபி ஷேக் ஃபரீத் ஆகியோரின் பாடல்களும் அதில் இருக்கின்றன. இவர்களில் பலரைத் தங்கள் ஊர்க் கோயில் வாசலிலேயே நிறுத்தியிருப்பார்கள். இங்கே அவர்களுடைய சொற்களுக்கு முன்னால் எல்லாச் சாதிக்காரரும் நெற்றியைத் தரையில் வைக்கிறார்கள். ஒரு ஜாட் நிலவுடைமையாளர் ஒரு சமாரின் பாட்டைக் குருவென்று வணங்குகிறார். அந்த ஆள் ஊருக்குத் திரும்பியதும் சமாரை எப்படி நடத்துகிறார் என்பது வேறு கேள்வி. அதற்கும் வருகிறேன்.

1708இல் பத்தாம் குரு கோபிந்த் சிங் தமக்குப் பின் மனித குரு கிடையாது, கிரந்தமே குரு என்று அறிவித்ததாக மரபு. அதிகாரம் உடலிலிருந்து பிரதிக்கு மாறுகிறது. தினமும் அதிகாலையில் கிரந்தத்தை ஏதோ ஓரிடத்தில் திறந்து, இடப்பக்கத்தின் மேலேயுள்ள பாடலை வாசிப்பார்கள். அன்றைக்கு அதுதான் 'ஹுக்கம்', கட்டளை. எந்தப் பக்கம் வரும் என்று வாசிப்பவருக்கும் தெரியாது. பூசாரி தனக்கு வசதியான வரியைத் தேர்ந்தெடுக்க முடியாதபடி ஒரு பொறி இதற்குள் இருக்கிறது. அந்தப் பொறி ஒருநாள் பூசாரிகளுக்கு எதிராகவே வேலை செய்தது.

4

அதற்கு முன் அகால் தக்த். ஆறாம் குரு ஹர்கோபிந்த், தந்தை கொல்லப்பட்ட பிறகு, ஹர்மந்தருக்கு எதிரே ஒரு மேடை எழுப்பினார். இரண்டு வாள்கள் தரித்தார்: ஒன்று மீரி, உலகியல் அதிகாரம், மற்றது பீரி, ஆன்மிக அதிகாரம். இன்றைக்கும் அங்கே இரண்டு கொடிக்கம்பங்கள் அருகருகே நிற்கின்றன. தியானம் ஒரு கட்டடத்தில், நீதியும் அரசியலும் எதிர்க் கட்டடத்தில்; நடுவே நடந்து கடக்கிற தூரம்தான். ஆன்மிகத்தையும் அரசியலையும் ஒன்றுக்குள் ஒன்று கரைத்துவிடாமல், ஒன்றையொன்று பார்த்துக்கொண்டிருக்கும்படி வைத்திருக்கிறார்கள். மதத்தை வீட்டுக்குள் வை, அரசியலை வெளியில் வை என்கிற நவீனத்துவப் பாகுபாட்டுக்குள் இந்த அமைப்பு அடங்காது. இந்திய அரசுக்கு இது கடைசிவரை புரியவில்லை என்பது என் கருத்து.

ஆனால் இதைப் புனிதர்களின் தொடர்கதையாகச் சொல்வதும் தப்பு. ஹர்கோபிந்த் 1635 வாக்கில் கீரத்பூருக்குப் போன பிறகு, ஹர்மந்தர் நெடுங்காலம் குரு அர்ஜனின் அண்ணன் பிரிதி சந்தின் வழியினர் கையில் இருந்தது. ஒன்பதாம் குரு தேக் பகதூர் 1664இல் வந்தபோது கதவைச் சாத்திவிட்டார்கள் என்று மரபு சொல்கிறது. குருவுக்கே குருவின் கோயிலில் இடமில்லை! எந்தப் புனித வெளியும் ஒருமுறை விடுதலை பெற்று அப்படியே இருந்துவிடுவதில்லை. யாரோ கைப்பற்றுவார்கள், மறுபடி மீட்க வேண்டியிருக்கும்.

பதினெட்டாம் நூற்றாண்டு முழுக்க இதே கதைதான். 1740இல் மொகலாய அதிகாரி மஸ்ஸா ரங்கர் ஹர்மந்தருக்குள் கேளிக்கை நடத்தியதற்காக, மெஹ்தாப் சிங்கும் சுக்கா சிங்கும் அவனைக் கொன்றார்கள். அகமது ஷா அப்தாலியின் படைகள் 1757இலும் 1762இலும் 1764இலும் கோயிலைத் தாக்கின. 1762இல் வெடிமருந்து வைத்துத் தகர்த்தார்கள், குளத்தைத் தூர்த்தார்கள். ஒவ்வொரு முறையும் ஆட்கள் திரும்பி வந்து தூர் வாரினார்கள். இப்போது நிற்கிற கட்டடம் 1764க்குப் பிறகு ஜஸ்ஸா சிங் அலுவாலியா காலத்தில் எழுந்தது.

ரஞ்சித் சிங்கின் பொன்னுக்குப் பின்னால் வேறொன்றும் வந்தது. மானிய நிலங்கள் பெருகின. சொத்து பெருகிய இடத்தில் பரம்பரைப் பூசாரிகளும் மஹந்துகளும் வேரூன்றினார்கள். 1849இல் பஞ்சாபைப் பிடித்த பிரிட்டிஷார் ஹர்மந்தருக்கு ஒரு நிர்வாகியைத் தாங்களே நியமித்தார்கள். சுற்றுப்பாதையில் சிலைகள் வந்தன, 1905இல்தான் அகற்றப்பட்டன. 1919 ஏப்ரல் 13 அன்று ஜாலியன்வாலா பாக்கில் டயர் சுட்டான். ஹர்மந்தரிலிருந்து அது சில நிமிட நடை. அதே டயருக்கு, பிரிட்டிஷார் நியமித்த அந்த நிர்வாகத்தின் கீழ், இந்த வளாகத்தில் மரியாதை செய்யப்பட்டது. நிறுவனமயமாதல் ஒரு புனித இடத்தை எங்கே கொண்டுபோய் நிறுத்தும் என்பதற்கு இதைவிட உதாரணம் வேண்டாம்.

5

1920 அக்டோபர் 12. என்னைப் பொறுத்தவரை ஹர்மந்தரின் நவீன வரலாறு இங்கே தொடங்குகிறது. ஆனால் சுற்றுலாக் கையேடுகளில் இதைத் தேடினால் கிடைப்பது அரிது.

'கால்சா பிராதரி' என்ற அமைப்பு, தீண்டப்படாதோர் எனப்பட்ட சாதிகளைச் சேர்ந்தவர்களுக்கு ஜாலியன்வாலா பாக்கில் அமிர்தம் கொடுத்துச் சீக்கியர்களாக ஏற்றது. பிறகு அவர்களை அழைத்துக்கொண்டு கடாப் பிரசாதத்தோடு ஹர்மந்தருக்கு வந்தார்கள். கூட்டத்தில் கால்சா கல்லூரிப் பேராசிரியர்களும் இருந்தார்கள். பூசாரிகள் பிரசாதத்தைத் தொட மறுத்தார்கள். அவர்களுக்காகப் பிரார்த்தனை சொல்லவும் மறுத்தார்கள். வாக்குவாதம் முற்றியது. கடைசியில், கிரந்தத்தையே கேட்போம் என்று முடிவாயிற்று.

நூலைத் திறந்தார்கள். வந்த பாடல், தகுதியில்லாதவர் என்று ஒதுக்கப்பட்டவரையும் இறைவன் ஏற்று மன்னிக்கிறான் என்ற பொருள் கொண்டது. பூசாரிக்கு வேறு வழியில்லை. பிரசாதத்தை ஏற்றார், பிரார்த்தனை சொன்னார். கூட்டம் அப்படியே எதிரே இருந்த அகால் தக்துக்குப் போனது. அங்கிருந்த பூசாரிகள் ஏற்கனவே இடத்தைக் காலி செய்துவிட்டு ஓடியிருந்தார்கள். கர்த்தார் சிங் ஜப்பரும் தோழர்களும் பொறுப்பை எடுத்துக்கொண்டார்கள். அடுத்த மாதமே சிரோமணி குருத்வாரா பிரபந்தக் கமிட்டி உருவானது.

"வேறு பக்கம் திறந்திருந்தா?" என்று ஒரு நண்பர் என்னிடம் கேட்டார். நானும் யோசித்தேன். கபீரும் ரவிதாஸும் இருக்கிற நூலில் சாதிக்குச் சாதகமான பக்கம் ஒன்றைத் தேடிப்பிடிப்பதுதான் கஷ்டம். ஆனால் இங்கே ஒன்றை மறந்துவிடக் கூடாது. நூல் முந்நூறு ஆண்டுகளாக அங்கேயேதான் இருந்தது. தினமும் திறந்தார்கள், தினமும் வாசித்தார்கள். பூசாரி அசையவில்லை. பிரசாதத்தைக் கையில் ஏந்தித் தலித்துகள் வந்து நின்ற அன்றைக்குத்தான் பிரதி பேசியது. பிரதிக்குள் அர்த்தம் இருக்கலாம். அதை வெளியே வரவைப்பது வாசலில் வந்து நிற்கிற கூட்டம்தான்.

பிறகு நடந்தது பலரும் அறிந்த அகாலி இயக்கம். 1921 பிப்ரவரியில் நன்கானா சாகிப்பில் மஹந்தின் ஆட்கள் நடத்திய படுகொலை. அதே ஆண்டு நவம்பரில் ஹர்மந்தரின் சாவிகளைப் பிரிட்டிஷ் அதிகாரி பறித்துக்கொண்டது. சிறைகளை நிரப்பி 1922 ஜனவரியில் சாவிகளைத் திரும்பப் பெற்றது. குரு கா பாக்கில் அடிவாங்கிக்கொண்டு நின்ற சத்தியாக்கிரகம். 1925இல் குருத்வாரா சட்டம் வந்தது. வழிபாட்டு இடங்களின் நிர்வாகத்தை வாக்களித்துத் தேர்ந்தெடுக்கும் உரிமை சீக்கியர்களுக்குக் கிடைத்தது, பெண்களையும் சேர்த்து.

இந்த இயக்கத்தின் ஒரு கிளை நம் பக்கத்துக்கும் வந்தது. 1924இல் வைக்கத்தில் கோயில் தெருக்களில் நடக்கும் உரிமைக்காகச் சத்தியாக்கிரகம் நடந்தபோது, பஞ்சாபிலிருந்து அகாலிகள் வந்து இலவச உணவுக்கூடம் திறந்தார்கள். பெரியார் அங்கே போராடிய அதே ஆண்டு. இது இந்துக்கள் தாமே நடத்த வேண்டிய போராட்டம், வெளியார் உணவு வேண்டாம் என்று காந்தி எதிர்த்தார், லங்கர் மூடப்பட்டது. தெருவில் நடப்பதற்கான போராட்டத்தில் சேர்ந்து உண்பதைச் 'சிக்கல்' என்று ஒதுக்கியது தற்செயலா? பந்தி என்ற சொல்லுக்குள் இருக்கிற ஆபத்தை அகாலிகள் அறிந்திருந்தார்கள். காந்தியும் அறிந்திருந்தார்.

6

1984. ஆயுதம் தாங்கியவர்களோடு பிந்தரன்வாலே 1983 டிசம்பரில் அகால் தக்துக்குள் குடிபுகுந்தார். வளாகம் கோட்டையாக்கப்பட்டது. வெளியே பஞ்சாபில் கொலைகள் நடந்துகொண்டிருந்தன. இதையெல்லாம் மறைத்துவிட்டு அரசை மட்டும் விமர்சிப்பது நேர்மையாகாது. அதே சமயம், குரு அர்ஜனின் நினைவுநாளையொட்டி யாத்திரிகர்கள் நிறைந்திருந்த ஜூன் மாதத் தொடக்கத்தில் ராணுவத்தை உள்ளே அனுப்பி, டாங்கிகளால் அகால் தக்தைச் சுட்ட அரசை எந்த நியாயமும் காப்பாற்றாது. அரசின் வெள்ளை அறிக்கை ராணுவத்தினர் 83 பேரும் மற்றவர்கள் 493 பேரும் இறந்ததாகச் சொன்னது. இறந்தவர்கள் இதைப்போலப் பல மடங்கு என்று மற்றவர்கள் சொல்கிறார்கள். கையெழுத்துப் பிரதிகள் நிறைந்த சீக்கிய ஆய்வு நூலகம் அழிந்தது. அக்டோபர் 31இல் இந்திரா காந்தி கொல்லப்பட்டார். தொடர்ந்த நாட்களில் டெல்லியில் மட்டும் 2733 சீக்கியர்கள் கொல்லப்பட்டதாக அரசின் கணக்கே சொல்கிறது.

பிறகு நடந்த ஒன்றுதான் என்னை அதிகம் யோசிக்கவைத்தது. அரசு அவசர அவசரமாக, தனக்கு இணங்கிய ஒரு நிஹங் தலைவரை முன்னிறுத்தி, அகால் தக்தைப் பழுதுபார்த்துக் கொடுத்தது. 1986இல் சீக்கியர்கள் அந்தக் கட்டடத்தை இடித்துவிட்டுத் தாங்களே புதிதாகக் கட்டத் தொடங்கினார்கள். அரசு கட்டிக்கொடுத்ததில் குறை கல்லிலோ சாந்திலோ இல்லை. அது கர் சேவையால் எழவில்லை, அவ்வளவுதான். கர் சேவை என்றால் கைகளால் செய்கிற தொண்டு. கூலியில்லாமல், சாதி பாராமல், கூடை சுமப்பது. 1923இலும் 1973இலும் 2004இலும் குளத்தை இப்படித்தான் தூர் வாரினார்கள். அங்கே புனிதம் என்பது பொருளில் குடியிருக்கும் ஒன்றாகத் தெரியவில்லை. சேர்ந்து செய்த உழைப்பே புனிதமாகிறது. மார்க்சியர்கள் கவனிக்க வேண்டிய இடம் இது.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். இதே 'கர் சேவை' என்ற சொல்லைத்தான் எடுத்துக்கொண்டுபோய் 1992 டிசம்பர் 6 அன்று அயோத்தியில் மசூதியை இடிக்கப் பயன்படுத்தினார்கள். குளத்துச் சேற்றை அள்ளிய சொல் கடப்பாரையின் சொல்லாயிற்று. சொற்களும் கைப்பற்றப்படுகின்றன.

7

இனி, நான் தள்ளிவைத்த கேள்வி. அமிர்தசரஸில் ஒரே பங்கத்தில் உட்காருகிறவர்கள் ஊருக்குப் போனால் எப்படி?

நிலைமை நன்றாக இல்லை. 2011 கணக்கெடுப்பின்படி பஞ்சாப் மக்களில் ஏறக்குறைய 32 சதவீதம் பட்டியல் சாதியினர். இந்திய மாநிலங்களிலேயே இதுதான் அதிகம். நிலம் பெரும்பாலும் ஜாட்டுகள் கையில். பல கிராமங்களில் தலித்துகளுக்குத் தனி குருத்வாரா, தனிச் சுடுகாடு. 2003இல் ஜலந்தர் அருகே தல்ஹன் கிராமத்தில், வழிபாட்டிட நிர்வாகக் குழுவில் பங்கு கேட்டதற்காகத் தலித்துகள் பெரும் மோதலைச் சந்தித்தார்கள். 2009இல் வியன்னாவில் ரவிதாசி மதகுரு ஒருவர் குருத்வாராவுக்குள் கொல்லப்பட்டார். அடுத்த ஆண்டே ரவிதாசிகளில் ஒரு பிரிவினர் தங்களுக்குத் தனி நூல் என்று அறிவித்துப் பிரிந்தார்கள். ரவிதாஸின் பாடல் கிரந்தத்தில் இருக்கிறது. ரவிதாஸின் மக்கள் வெளியேறினார்கள். பெண்களுக்கு 1925இலேயே வாக்குரிமை கொடுத்தவர்கள், ஹர்மந்தருக்குள் கீர்த்தனை பாடும் பணியை அவர்களுக்குக் கொடுக்கவில்லை. கொடுக்கும்படி 2019 நவம்பரில் பஞ்சாப் சட்டமன்றமே தீர்மானம் போட வேண்டியிருந்தது. இரண்டாம் குரு அங்கதின் மனைவி மாதா கீவி லங்கர் நடத்திய சிறப்பைக் கிரந்தமே பாடுகிறது. சமையல்கட்டில் பெருமை, பாட்டு மேடையில் இடமில்லை. இது நமக்குத் தெரிந்த கதைதான்.

அம்பேத்கர் சீக்கியத்தைத் தீவிரமாகப் பரிசீலித்தவர். 1936 ஏப்ரலில் அமிர்தசரஸில் நடந்த சீக்கிய மாநாட்டில் பேசினார். கடைசியில் அந்த வழியில் போகவில்லை. 1956இல் பௌத்தம் தழுவினார். இந்தியச் சாதி அமைப்பு தன்னை எதிர்த்து எழுந்த மதங்களையும் எப்படிச் செரித்துக்கொள்கிறது என்பதை அவரைவிட அறிந்தவர் யார்?

அப்படியானால் ஹர்மந்தர் வெறும் ஏமாற்றா? அப்படிச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. காரணம் உணர்ச்சிவசம் அன்று. தல்ஹனில் நிர்வாகத்தில் பங்கு கேட்டவர்களும், கீர்த்தனை உரிமை கேட்கிற பெண்களும், இந்த மரபின் சொற்களை வைத்தே கேட்கிறார்கள். "நீங்க வணங்குற நூல்ல என்ன எழுதியிருக்கு, படிங்க" என்று கேட்க அவர்களுக்கு ஓர் இடம் இருக்கிறது. 1920இல் அந்தக் கேள்வி ஒருமுறை ஜெயித்தும் இருக்கிறது. என் அப்பா வாளியோடு நின்ற இடத்தில் அவர் எந்தப் பிரதியைக் காட்டிக் கேட்டிருக்க முடியும்?

சாப்பிட்டு முடித்துத் தட்டுக் கழுவுகிற இடத்துக்குப் போனேன். நீளத் தொட்டிகள், தட்டுகள் மோதுகிற இரைச்சல். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நானும் ஒரு மணி நேரம் கழுவினேன். பக்கத்தில் நின்ற பெரியவர் எங்கிருந்து வருகிறாய் என்று கேட்டார், சொன்னேன். "உங்க ஊர்ல குருத்வாரா இருக்கா பேட்டா?" என்றார். பெரிய நகரங்களில் இருக்கிறது என்றேன். "அதில்ல, இப்படி எல்லாரும் உக்காந்து சாப்பிடுவீங்களா?" என்றார். பதில் சொல்லாமல் அடுத்த தட்டை எடுத்தேன். ஊருக்குத் திரும்பியதிலிருந்து இந்தக் கேள்வியைத் தோழர்களிடம் கேட்டுக்கொண்டிருக்கிறேன். கோயில் நுழைவுக்குப் போராடியிருக்கிறோம், சிலைகளை உடைத்திருக்கிறோம், கருவறைக்குள் எல்லாச் சாதியும் அர்ச்சகராகச் சட்டம் கொண்டுவந்திருக்கிறோம். ஊர் நடுவில், தினமும், ஒரே வரிசையில் எல்லாரும் உட்கார்ந்து உண்கிற ஓர் இடத்தை நாம் ஏன் கட்டவில்லை?